புது கேமரா வாங்கியாச்சு, அடுத்து? வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். உள்ளே கண்ணாடி உள்ள பழைய ரகமான டி.எஸ்.எல்.ஆரைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள், “கேமராவில் கோளாறா, என் கையில் கோளாறா?” என்று கேட்டிருக்கிறார்கள். கேமராவின் பழுது என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை.

காரிமங்கலம், ஸ்டூடியோ உரிமையாளர்

கே: இத்தனை வருஷமாக கேனான் டி.எஸ்.எல்.ஆரில்தான் வேலை. இப்போது ஆர் வரிசையில் ஒரு மிரர்லெஸ் வாங்கினேன். ஸ்டூடியோ ஃபிளாஷ் போட்டு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனால் வியூஃபைண்டரில் ஒரே இருட்டு. ஆள் முகமே தெரியவில்லை. எடுத்த படம் மட்டும் நன்றாக வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ப: வேண்டாம், மெனுவில் ஒரு இடத்தை மாற்றினால் போதும். பழைய கேமராவில் கண்ணாடி வழியாக லென்ஸ் காட்டுவதை நேராகப் பார்த்தீர்கள். ஷட்டரை எங்கே வைத்தாலும் அறை வெளிச்சம் அப்படியே தெரிந்தது. மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்ப்பது சென்சார் அனுப்பும் படத்தைக் காட்டும் குட்டித் திரை. ஷட்டர் வேகம் 1/160, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/8, சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால், அந்த அளவில் படம் எப்படி வருமோ அப்படியே காட்டும். டியூப்லைட் வெளிச்சத்துக்கு அது கும்மிருட்டுதான். ஃபிளாஷ் அடிக்கப்போவது திரைக்குத் தெரியாது.

கேனானில் ‘எக்ஸ்போஷர் சிமுலேஷன்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். புதிய மாடல்களில் அதன் பெயர் ‘டிஸ்ப்ளே சிமுலேஷன்’. சோனியில் ‘லைவ் வியூ டிஸ்ப்ளே’க்குள் போய் ‘செட்டிங் எஃபெக்ட் ஆஃப்’. நிக்கானில் ‘அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ’வை ஆஃப் செய்ய வேண்டும். கம்பெனி ஃபிளாஷை நேராகக் கேமராவின் தலையிலுள்ள ஹாட் ஷூவில் மாட்டினால் பல கேமராக்கள் தானாகவே இதை மாற்றிக்கொள்ளும். ஸ்டூடியோ ஃபிளாஷை அடிக்க வைக்கும், நடுவில் ஒரே ஒரு பின் உள்ள சாதா டிரிக்கரை கேமரா அடையாளம் காணாது. அதனால்தான் உங்கள் ஸ்டூடியோவில் இந்தத் தொல்லை.

அதே மெனுவில் ஷட்டர் வகையையும் பாருங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரோ சைலன்ட் மோடோ இருந்தால் பெரும்பாலான மாடல்களில் ஃபிளாஷே அடிக்காது. மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் சின்க் அளவை, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகத்தை, தாண்டிவிட்டது என்று அர்த்தம். 1/160-இலேயே நின்றால் வம்பில்லை. எல்லாம் சரியானதும் மொத்த அமைப்பையும் மோடு டயலில் உள்ள சி1-இல் சேமித்துவிடுங்கள். வெளியே எடுக்கப் போகும்போது டயலைத் திருப்பினால் பழையபடி வெளிச்ச அளவு திரையில் தெரியும். மிரர்லெஸ்ஸுக்குக் கொடுத்த காசில் பாதி அதற்காகத்தான். ஸ்டூடியோவுக்காக நிரந்தரமாக அணைத்து வைத்துவிடாதீர்கள்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி

கே: வியூஃபைண்டரில் பார்த்தால் எழுத்துகூட மங்கல். படம் மட்டும் ஷார்ப்பாக இருக்கிறது.

ப: வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்ன சக்கரம் இருக்கும், டயாப்டர். திரையிலுள்ள எண்களைப் பார்த்தபடி அவை தெளியும் வரை சுற்றுங்கள். படத்தைப் பார்த்துச் சுற்றாதீர்கள், எண்களைப் பார்த்துத்தான். பையில் உரசும்போது இது தானே திரும்பிக்கொள்வதும் உண்டு.

தர்மபுரி, திருமண வீடியோ, போட்டோ எடுப்பவர்

கே: மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே வரிவரியாகக் கோடு. வீடியோவில் வெளிச்சம் துடிக்கிறது. பழைய கேமராவில் இப்படி வந்ததே இல்லை. மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. வால் (சுவர் போன்ற பெரிய திரை) வைத்திருந்தார்கள்.

ப: உங்களுக்கு வந்திருப்பது ஒன்றல்ல, மூன்று தொல்லை. தனித்தனியாகத் தீர்க்க வேண்டும்.

முதலாவது, குறுக்குக் கோடு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவு எல்.இ.டி. விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. சாதாரண சென்சாரில் அதற்கு 1/60 வினாடிக்கு மேலேயே ஆகும். அதற்குள் விளக்கு ஒன்றரைச் சுற்று ஏறி இறங்கிவிடும். மேலே வெளிச்சம், நடுவே இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று படத்தில் விழுவது இதுதான். சத்தம் வரக்கூடாதென்று சைலன்ட் மோடு போட்டிருப்பீர்கள். கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? மெக்கானிக்கல் ஷட்டருக்கு வந்து 1/100 அல்லது 1/50 வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் விளக்கு முழுச் சுற்றாக ஏறி இறங்கிவிடுவதால் எல்லா வரிக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்கும். இதைவிட வேகம் வேண்டுமென்றால் ‘ஆன்டி-ஃபிளிக்கர்’ ஆன் செய்யுங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து கேமரா ஷட்டரைத் திறக்கும். அதனால் தொடர் ஷாட் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். தாலி கட்டும் நேரத்துக்கு 1/100, எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 1600-இல் தொடங்கிப் பாருங்கள். அட்சதை பறக்கும் கணத்தை 1/100-இல் உறைய வைக்க முடியாது. அதற்கு ஃபிளாஷ்தான்.

இரண்டாவது, வீடியோ துடிப்பு. கேமரா 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான என்.டி.எஸ்.சி. அமைப்பில், வினாடிக்கு 30 ஃபிரேமில் ஓடியிருக்கும். மெனுவில் 50 ஹெர்ட்ஸுக்கான பி.ஏ.எல். போட்டு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். சோனியில் இதை மாற்றினால் பல மாடல்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். முகூர்த்தத்துக்கு முன்தினம் வீட்டிலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது. கூட ஓடும் இரண்டாவது கேமரா 30 ஃபிரேமில்தான் இருக்கிறதென்றால் இரண்டிலும் ஷட்டரை 1/50 ஆக்குங்கள். துடிப்பு அடங்கிவிடும்.

மூன்றாவது, எல்.இ.டி. வால். அது வீட்டு மின்சாரத்தின் தாளத்துக்கு எரிவதில்லை. சொந்த வேகத்தில் புதுப்பித்துக்கொள்கிறது. 1/100 அங்கே கைகொடுக்காமல் போகலாம். சில புதிய கேமராக்களில் ஷட்டரை 1/125.3, 1/126.0 என்று பொடிப்பொடியாக நகர்த்தும் வசதி உண்டு. திரையைப் பார்த்தபடி கோடு நிற்கும் இடம் வரை நகர்த்துங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வாலில் தெரியும் அலையலையான நெளிவு வேறு சமாச்சாரம். வாலின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. மணமக்களை வாலிலிருந்து 2 மீட்டராவது முன்னே கொண்டுவந்து, அப்பர்ச்சரைத் திறந்து, வாலை அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆக்கினால் மறைந்துவிடும். பின்னால் எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டால் அது எளிதில் போகாது.

கிருஷ்ணகிரி, வங்கி ஊழியர்

கே: நிக்கான் டி7200-ஐக் கொடுத்துவிட்டு இசட்5 வாங்கினேன். அடாப்டரும் உண்டு. பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸ் ஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்கிறது. 35 மி.மீ. டி.எக்ஸ். லென்ஸில் ஃபோகஸ் ஆகிறது, ஆனால் படம் சின்னதாகிவிடுகிறது.

ப: உங்கள் 50 மி.மீ. லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி7200-இன் பாடிக்குள் இருந்த மோட்டார் ஒரு திருகு வழியாக அதைச் சுற்றியது. இசட்5-இலும் மோட்டார் இல்லை, எஃப்.டி.இசட். அடாப்டரிலும் இல்லை. பழைய எஃப் மவுன்டில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மி.மீ., இசட் மவுன்டில் 16 மி.மீ. நடுவே உள்ள 30.5 மி.மீ.யை நிரப்பி, மின் தொடர்பு கொடுப்பதுதான் அடாப்டரின் முக்கிய வேலை. உள்ளே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் நன்றாக ஓடும். ‘டி’ வகையை மேனுவலில்தான் ஓட்ட வேண்டும். தெளிவாக இருக்கும் விளிம்புகளை நிறம் போட்டுக் காட்டும் ‘ஃபோகஸ் பீக்கிங்’ ஆன் செய்து, சிவப்பு நிறம் தேர்ந்தெடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சுற்றினால் உட்கார்ந்த முகங்களுக்குச் சிரமமில்லை. ஓடும் குழந்தைக்கு ஆகாது.

35 மி.மீ. டி.எக்ஸ். லென்ஸ் சின்ன சென்சாருக்குச் செய்தது. இசட்5 அதைக் கண்டதும் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகிறது. ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குத் தாராளம். ஆனாலும் ஃபுல் ஃபிரேம் வாங்கிவிட்டு டி.எக்ஸ். லென்ஸை மாட்டித் திரிவதில் லாபமில்லை. அதை விற்றுவிடுங்கள்.

அரூர், பள்ளி ஆசிரியர்

கே: எங்கள் பகுதியில் இருக்கும் நடுகற்களைப் படமெடுத்து ஆவணமாக வைக்க விரும்பி, நல்ல கேமராவாக வாங்கினேன். நேரில் தெரியும் எழுத்து படத்தில் தெரிவதில்லை. மெகாபிக்சல் போதவில்லையா?

ப: மெகாபிக்சல் தாராளமாகப் போதும். குறை வெளிச்சம் விழும் கோணத்தில். கல்லில் வெட்டிய எழுத்து அதிக ஆழமில்லாதது. அதற்குள் நிழல் விழுந்தால்தான் எழுத்து. கேமரா மேலிருக்கும் ஃபிளாஷோ எதிரே நிற்கும் சூரியனோ நிழலைத் துடைத்துவிடும். நேரில் உங்கள் கண் இப்படியும் அப்படியும் அசைந்து நிழலைப் பிடிக்கிறது. கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது.

முதலில் கல் எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். கிழக்கு பார்த்த கல்லுக்குக் காலை ஏழு மணி வெயில் ஆகாது, அது நேருக்கு நேர் விழும். பதினொன்று, பதினொன்றரைக்குப் போனால் வெயில் கல்லின் முகத்தை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். எழுத்து எழுந்து நிற்பது அப்போதுதான். தெற்கு பார்த்த கல்லென்றால் காலையும் மாலையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். மரத்தடியிலோ சின்னக் கூரைக்குள்ளோ இருக்கும் கல்லுக்கு வெயிலை நம்பிப் பயனில்லை. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, டிரிக்கர் போட்டு, ஒருவர் கையில் கொடுங்கள். கல்லிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் பக்கவாட்டில் தள்ளி, கல்லின் பரப்போடு 10 முதல் 20 டிகிரி சாய்வில் வெளிச்சம் வழுக்கிப் போகும்படி பிடிக்க வேண்டும்.

கேமராவை அசைக்காமல் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என நான்கு படம் எடுங்கள். செங்குத்துக் கோடுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். கிடைக்கோடுகளுக்கு மேலிருந்து வர வேண்டும். வட்டெழுத்தின் வளைவுகளுக்கு இரண்டும் வேண்டும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தை ஒருவர் ஒன்றாகவும் இன்னொருவர் வேறாகவும் படிப்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

கேமரா பக்கம்: டிரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 1/160, 2 வினாடி டைமர். இதில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் பகல் வெளிச்சம் நிழலை நிரப்புகிறது. கறுப்புக் குடையோ கனத்த துணியோ பிடித்து மறையுங்கள். கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்துக் கல்லுக்கு மிக அருகில் போய் எடுக்காதீர்கள், ஓரங்கள் புடைத்துவிடும். 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் வைத்துப் பின்னால் தள்ளி வாருங்கள். புது கேமராவின் திரையில் லெவல் காட்டும் கோடு இருக்கும். ஆனால் பழைய கற்கள் பாதிக்கு மேல் சாய்ந்துதான் நிற்கும். கேமராவைத் தரைக்கு நேராக வைக்காமல் கல்லின் சாய்வுக்கு இணையாக வையுங்கள். ஃபோகஸை மேனுவலில் போட்டு, 10 மடங்கு பெரிதாக்கி ஓர் எழுத்தின் விளிம்பில் நிறுத்துங்கள். 10 செ.மீ. அளவுகோல் வைத்து ஒரு படமும் வைக்காமல் ஒரு படமும் வேண்டும். கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா ஃபைலில் எடுத்தபடியே பிக்சர் ஸ்டைலை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் திரையில் எழுத்து எளிதாகத் தெரியும், ராவில் நிறம் அப்படியே இருக்கும்.

எழுத்தில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பனாக வழிபாட்டில் இருப்பவை. செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டபின் தொடங்குங்கள். எண்ணெய் ஊறிப் பளபளக்கும் கல்லுக்கு போலரைசர் ஃபில்டரைச் சுற்றிப் பார்த்தால் பளபளப்பு ஓரளவு குறையும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் டிரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

ஓசூர், தனியார் நிறுவன ஊழியர்

கே: புது கேமராவின் ரா ஃபைல் என் லைட்ரூம் 6-இல் திறக்கவில்லை. வீடியோவும் திக்கித் திக்கி ஓடுகிறது. கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டுமா?

ப: ராவுக்காக மாற்ற வேண்டியதில்லை. கேனான் 2018 முதல் தன் ரா ஃபைல் வகையை சிஆர்2-இலிருந்து சிஆர்3-க்கு மாற்றத் தொடங்கியது. லைட்ரூம் 6-க்கு அப்டேட் 2017-உடன் நின்றுவிட்டது. அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வெர்ட்டரில் மாற்றிக்கொண்டால் பழைய லைட்ரூமிலேயே திறக்கலாம். இல்லையென்றால் கேனானின் டி.பி.பி., நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ இரண்டும் இலவசம். நிறமும் கேமராவில் பார்த்தபடியே வரும்.

வீடியோ 10 பிட் எச்.265 ஆக இருக்கும். பழைய பிராசசர் அதை நேரடியாகப் பிரிக்க முடியாமல் திணறுகிறது. எடிட்டிங் மென்பொருளில் ‘பிராக்ஸி’ எனும் இலகுவான நகலை உருவாக்கி அதில் வெட்டுங்கள், ஏற்றுமதி மூல ஃபைலிலிருந்து போகும். கலர் கிரேடிங் செய்யாதவருக்கு 10 பிட்டால் பெரிய பயனில்லை. 8 பிட் எச்.264-க்கு இறங்கிவிடுங்கள்.

பென்னாகரம், சுற்றுலாப் பயணிகளைப் படமெடுப்பவர்

கே: ஒகேனக்கல்லில் அருவி வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. பட்டுப்போல வழியும் நீர் எப்படி எடுப்பது? சாரலுக்கு இந்த கேமரா தாங்குமா?

ப: அங்கே பாறை கறுப்பு, நீர் வெள்ளை. ஃபிரேமில் பாறை அதிகமிருந்தால் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றுகிறது, நீர் வெந்துபோகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-இல் தொடங்குங்கள். ‘ஸீப்ரா’வை 100-இல் வைத்தால் வெந்துபோகும் இடத்தில் திரையில் கோடு ஓடும். அது நீரில் பெரிதாகப் பரவாத அளவுக்குக் குறையுங்கள்.

பட்டு நீருக்கு மெதுவான ஷட்டர் வேண்டும். நல்ல வெயிலில் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் சுமார் 1/200. வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி.64 ஃபில்டர் போட்டால் அது 64 மடங்கு நீண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு வினாடியாகும், போதுமானது. எஃப்/22-க்கு மூடி அதே வேலையைச் செய்ய நினைக்காதீர்கள், படம் மொத்தமும் மழுங்கும். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் கம்பித் தடுப்பில் முழங்கையை ஊன்றிச் சில படங்கள் தேறும். பரிசலில் இந்த வித்தை நடக்காது, 1/1000-க்குக் கீழே இறங்க வேண்டாம். காவிரியில் வரத்து கூடினால் பரிசலே நிறுத்தப்படும் என்பதால் கரையிலிருந்து எடுக்க 70–200 மி.மீ. லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

சாரல்: பாடி சீல் செய்ததாக இருந்தாலும் லென்ஸின் மவுன்டில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் நீர் அந்த வழியாகப் போகும். வளையத்தைக் கண்ணால் பாருங்கள். அருவிக்கருகே லென்ஸ் மாற்றவே கூடாது. துளி விழுந்தால் முதலில் புளோயரால் ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். நன்றாக நனைந்துவிட்டால் ஆஃப் செய்து, பேட்டரியும் கார்டும் எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் ஒரு முழு நாளாவது வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடான காற்று நீரை உள்ளே துரத்தும். எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு வந்து “அண்ணா, நான் ஒரு போட்டோ எடுக்கட்டுமா” என்று கேமராவை வாங்குபவர்களிடமும் கொஞ்சம் உஷார்.

காவேரிப்பட்டணம், வாசகர்

கே: எருது விடும் விழாவில் கண்ணைத் தேடி ஃபோகஸ் செய்யும் ‘ஐ ஏஎஃப்’ மாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் முகத்துக்குத் தாவுகிறது. கொஞ்ச நேரத்தில் ஷட்டரும் நின்றுவிடுகிறது.

ப: அது மனித முகம் தேடும் நிலையில் இருக்கிறது. சந்து நிறைய முகம் இருந்தால் தாவத்தான் செய்யும். ‘அனிமல்’ என்று மாற்றலாம், ஆனால் பல மாடல்களுக்கு நாய், பூனை, பறவைதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொம்பில் தட்டி கட்டி ஓடிவரும் காளை அந்தப் பட்டியலில் இல்லை. கண் தேடுவதை அணைத்துவிட்டு, தொடர் ஃபோகஸில் சின்ன ஸோன் எடுத்து, காளையின் நெற்றியில் வைத்துக்கொண்டே வாருங்கள். ஷட்டர் 1/1600, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ.

ஷட்டர் நிற்பது, கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்கும் பஃபர் நிரம்புவதால். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25 எம்.பி. என்று வைத்தால், வினாடிக்கு 10 படம் 250 எம்.பி. ஆகிறது. யு.எச்.எஸ்.-1 கார்டின் உச்ச வரம்பே வினாடிக்கு 104 எம்.பி. உங்கள் ஸ்லாட் யு.எச்.எஸ்.-2 ஏற்றால் அந்தக் கார்டு வாங்குங்கள், பின்பக்கம் இரண்டு வரிசைப் பின் இருக்கும். ஏற்காவிட்டால் விழாவுக்கு ஜேபெக்கே போதும். கார்டில் உள்ள வி30 என்பது வினாடிக்குக் குறைந்தது 30 எம்.பி. என்ற வீடியோ உத்தரவாதம். 100 எம்.பி.பி.எஸ். 4கே வீடியோவுக்கு 12.5 எம்.பி.தான் தேவை என்பதால் அதற்கு வி30 தாராளம்.

தேன்கனிக்கோட்டை, வாசகர்

கே: ஃபர்ம்வேர் அப்டேட் அவசியமா?

ப: ஃபோகஸ் மேம்பாடு என்று போட்டிருந்தால் செய்யுங்கள். கம்பெனி தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியே வைத்து, முழு சார்ஜில் தொடங்குங்கள். முடியும் வரை எதையும் தொடாதீர்கள். டூப்ளிகேட் பேட்டரியை அப்டேட்டுக்குப் பின் கேமரா ஏற்காமல் போவதுண்டு. விசேஷத்துக்கு முதல் நாள் இதில் கை வைக்காதீர்கள்.

பர்கூர், வாசகர்

கே: கிரானைட் பட்டறைகளில் படமெடுக்கும் வேலை. வானத்தில் எப்போதும் புள்ளி புள்ளியாகக் கறை.

ப: கல்தூள். எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தில், கேமராவை லேசாக ஆட்டியபடி எடுங்கள். ஆட்டியும் அசையாத புள்ளி சென்சாரில் இருப்பது. படத்தின் மேல் இடது மூலையில் தெரிந்தால், முன்பக்கமிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் தேடுங்கள். பிம்பம் தலைகீழாக விழுகிறது.

பேட்டரி நிறைய இருக்கும்போது மெனுவில் ‘சென்சார் கிளீனிங்’ தேர்ந்தெடுத்து, மவுன்ட் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஒட்டும், கேனில் அடைத்த காற்று கடும் குளிர்ச்சியான திரவத்தைத் துப்பும். சில கேனான் ஆர் மாடல்களில் ஆஃப் செய்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். லென்ஸ் மாற்றுவதற்கு அது நல்ல பாதுகாப்பு, ஆனால் அந்த மெல்லிய திரையில் விரலோ புளோயர் முனையோ படக்கூடாது. கிரானைட் தூள் கடினமானது என்பதால் ஊதிப் போகாததைத் துணியால் தேய்த்தால் சென்சார் மேலுள்ள கண்ணாடியில் கீறல் விழும். நான்கைந்து முறை ஊதியும் போகாவிட்டால் சர்வீஸில் கொடுத்துவிடுங்கள். பட்டறைக்குள் போகும்போது ஒரே ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு போய், வெளியே காருக்குள் வந்து கதவை மூடிய பிறகே கழற்றுங்கள்.